1000 சதுர மீட்டர் கிடங்குக்கு 6 டன் ஏசி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கொட்டேஷனில் 80 டன் என்று இருந்தது. இன்னொன்றில் 40 டன். மூன்றாவது ஆள், ஏசியே வேண்டாம், ஏர் கூலர் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றும் ஒரே கிடங்குக்கு வந்தவை. கடைசியில் அங்கே போட்டது 6 டன். அந்த மூன்று பேரில் யாரும் ஏமாற்றவில்லை, கணக்கிலும் பெரிய தப்பு இல்லை. "கிடங்குக்கு ஏசி வேண்டும்" என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆளுக்கொரு பதில் வரும். எதைக் குளிர வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தவர் நடத்தும் கிடங்கு அது. 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். இரும்புச் சட்டத்தின் மேல் வெறும் தகரக்கூரை, நடுநடுவே வெளிச்சத்துக்காகப் பதித்த ஒளி புகும் ஷீட். முன்பக்கம் லாரி வந்து நிற்கும் இரண்டு ஷட்டர்கள், ஒவ்வொன்றும் 3.5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். உள்ளே பெரும்பகுதி ரேக்குதான்: துணி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான். பின்மூலையில் 12க்கு 10 மீட்டர் இடத்தில் பேக்கிங். அங்கே 16 பேர் நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி மடித்து, பொருள் வைத்து, டேப் ஒட்டி, லேபிள் ஒட்டுகிறார்கள். பக்கத்தில் ஷ்ரிங்க் ராப் சுருக்கும் ஹீட்டர் டனல் ஒன்று. மதியம் 2 மணிக்கு மேல் கை ஓடாது, லேபிள் மாறி ஒட்டுவது கூடும், தலைசுற்றுகிறது என்று யாராவது ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஏசி பேச்சு எழுந்ததே அதனால்தான்.

"எத்தனை டன் வேணும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். சொல்லலாம்தான், ஆனால் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் டன்னைச் சொன்னால் நானும் நாலாவது கொட்டேஷன் கொடுத்த ஆளாகிவிடுவேன்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது

வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும் மூன்று டேட்டா லாகரை ஒரே தூணில் கட்டினோம். ஒன்று ஆள் நெஞ்சு உயரத்தில், ஒன்று நடுவில், ஒன்று கூரைக்குக் கொஞ்சம் கீழே. வெளியே 37 டிகிரி இருந்த ஒரு மதியம், கீழே 38, நடுவில் 41, மேலே 46. சூடான காற்று மேலே போய்த் தங்கிவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒரே தூணில் 8 டிகிரி வித்தியாசத்தை எண்ணாகப் பார்த்தபோதுதான் கிடங்கு முதலாளிக்கே உறைத்தது. அவர் குளிர வைக்க நினைத்த 8000 கன மீட்டர் காற்றில் ஆட்கள் மூச்சு விடுவது கீழ் 2 மீட்டரில் மட்டும்.

அப்புறம் கூரை. தகரத்தின் அடிப்பக்கத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் குறிபார்த்து அளந்தால் பல பேருக்குத் தப்பான எண்தான் கிடைக்கும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியாகக் காட்டாது, எதிரே இருப்பதைப் பிரதிபலித்துவிடும். அதனால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அடியில் ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, அந்த டேப்பைக் குறிபார்க்க வேண்டும். டேப் ஒட்டாத இடத்தில் 48 என்று காட்டிய கருவி, டேப்பின் மேல் 61 காட்டியது.

இந்த 61 டிகிரித் தகரம் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் உச்சி நேரத்தில் சுமார் 150 வாட் வெப்பத்தைக் கீழே இறக்கும். 1000 சதுர மீட்டருக்கு 150 கிலோவாட். 1 டன் என்பது ஏறக்குறைய 3.5 கிலோவாட், ஆக கூரை மட்டுமே 43 டன் கேட்கிறது. அதே கூரை 50 மில்லிமீட்டர் பஃப் பேனலாக (இரண்டு தகட்டுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை அடைத்தது) இருந்தால் 4 டன்னில் முடிந்துவிடும். 43க்கும் 4க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மெஷினாக வாங்குவதா பேனலாக வாங்குவதா என்பதுதான் உண்மையான கேள்வி. மெஷினுக்கு மாதாமாதம் கரண்ட் பில் உண்டு, பேனலுக்கு அது கிடையாது.

ஷட்டர் இன்னும் மோசம். 14 சதுர மீட்டர் திறப்பு வழியாக விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று வையுங்கள். அது கன்னத்தில் பட்டும் படாத வேகம். அதுவே விநாடிக்கு 7 கன மீட்டர். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட 10 டிகிரி சூடு என்றால் 84 கிலோவாட், அதாவது 24 டன், ஒரே ஒரு ஷட்டருக்கு. காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிரிக்க ஆகும் செலவு இதில் சேரவில்லை. லாரி ஏற்றி இறக்கும்போது அந்த ஷட்டர் மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். வாசலுக்கு மேலிருந்து காற்றைத் திரைபோல் கீழே ஊதும் ஏர் கர்ட்டனை ஒழுங்காகப் பொருத்தினால் இதில் பாதிக்கு மேல் தடுக்கலாம், ஆனால் அங்கே முன்பே மாட்டியிருந்த ஏர் கர்ட்டனின் காற்று தரை வரை எட்டவே இல்லை. 4 மீட்டர் உயர வாசலில் கடைக் கதவுக்கான கர்ட்டனை மாட்டியிருந்தார்கள்.

இந்த எல்லாச் சுமைக்கும் முன்னால் 16 ஆட்கள் எவ்வளவு? நின்று கைவேலை செய்பவர் ஒருவர் சுமார் 220 வாட் வெப்பம் விடுவார். 16 பேருக்கு 3.5 கிலோவாட், சரியாக 1 டன். யாருக்காக ஏசி போடுகிறோமோ அவர்களுடைய பங்கு 80ல் 1.

மூன்று கொட்டேஷனும் ஏன் அப்படி வந்தன

80 டன் சொன்னவர் முழுக் கிடங்கையும் ஆபீஸ் மாதிரி 24 டிகிரிக்குக் கொண்டுவர நினைத்தார். இருக்கிற கூரை, இருக்கிற ஷட்டரோடு அப்படிச் செய்ய உண்மையிலேயே அவ்வளவு வேண்டும், மேலே போட்ட கணக்கும் சுவரைச் சேர்த்தால் அங்கேதான் போய் நிற்கிறது. மருந்தோ சாக்லேட்டோ அடுக்கிய கிடங்கு என்றால் பொருளுக்காகவே முழு இடத்தையும் குளிர வைத்தாக வேண்டும், அப்போது பேக்கேஜ் யூனிட், சில்லர் மாதிரி பெரிய கட்டடங்களுக்கான மெஷின் பேசலாம், ஆனால் அதற்கும் முன்னால் கூரைக்கு இன்சுலேஷன் பேச வேண்டும். இங்கே இருந்தது எவர்சில்வர் பாத்திரம். அதற்கு எதற்கு 24 டிகிரி?

40 டன் என்பது 2 டன் ஸ்பிளிட் ஏசி 20. தூணுக்குத் தூண் மாட்டிவிடலாம் என்று யோசனை. எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத யோசனை இது. வீட்டு ஸ்பிளிட்டின் காற்று சில மீட்டர் தூரம் போனதும் சோர்ந்துவிடும், 8 மீட்டர் உயரக் கொட்டகையில் அதற்கு வேலையே கிடையாது. 20 மெஷின் என்றால் 20 வடிகால் குழாய், 20 ஃபில்டர். அட்டைப்பெட்டி வெட்டும் இடத்தில் பறக்கும் நார்த்தூசி ஃபில்டரில் சாம்பல் நிறக் கம்பளிபோல் ஒரே வாரத்தில் படிந்துவிடும், அதை ஏணி போட்டு ஏறி யார் கழுவுவது?

கூலர் சொன்னவரை அப்படித் தள்ளிவிட முடியாது. ஷட்டர் திறந்தே இருக்கும் இடத்தில் கூலர் நியாயமான யோசனை, ஏனென்றால் அதற்குக் காற்று வெளியே போக வழி வேண்டும், மூடிய அறையில் அது வேலை செய்யாது. ஆனால் கூலர் எவ்வளவு குளிரும் என்பதைத் தீர்மானிப்பது வெளியே எத்தனை டிகிரி என்பது இல்லை, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண். 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரத்துணி எண் சுமார் 24, நல்ல கூலர் 27 டிகிரிக் காற்றைக் கொடுக்கும், பிரமாதம். 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் ஈரத்துணி எண்ணே 29, கூலர் தருவது 30, அதுவும் சொதசொதவென்று, வியர்வை காயாமல். இந்தக் கிடங்கு இருக்கும் ஊரில் வருடத்தின் பாதி முதல் வகை, பாதி இரண்டாம் வகை.

இன்னொரு சிக்கல் அட்டைப்பெட்டி. ஈரம் ஏறினால் அட்டை தளரும். 90 சதவீத ஈரப்பதத்தில் அடுக்கைத் தாங்கும் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அடுக்கின் அடிப்பெட்டி நசுங்கத் தொடங்கும். இன்றைய ஏசியின் தொடக்கமே காகிதமும் ஈரமும் பட்ட பாட்டில்தான் இருக்கிறது: 1902ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்கு, ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போனதால். ஆட்களின் சுகமெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

நடுவில் யாரோ, சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஸ்பாட் கூலர் நாலு வாங்கிப் போட்டால் என்ன என்றார்கள். முன்னால் குளிர் வரும், பின்னால் அதைவிட அதிக வெப்பம் வரும். பின்பக்கக் குழாயைச் சுவருக்கு வெளியே விடாவிட்டால் அறையின் மொத்தச் சூடு ஏறத்தான் செய்யும். கம்பிரசர் தின்னும் மின்சாரமும் அதே அறையில்தான் வெப்பமாக இறங்குகிறது.

அறைக்குள் அறை

கடைசியில் முடிவு செய்தது இதுதான்: கிடங்கை விட்டுவிடுவோம், பேக்கிங் பகுதியை மட்டும் 3 மீட்டர் உயரத்தில் இன்சுலேட்டட் பேனலால் சுவரும் சீலிங்கும் போட்டுத் தனி அறையாக அடைப்போம். 120 சதுர மீட்டர், 360 கன மீட்டர். தகரக்கூரையின் 61 டிகிரி இப்போது நேராக ஆட்களைப் பார்க்காது. சீலிங், சுவர் இரண்டும் சேர்ந்து 1.6 கிலோவாட்தான் உள்ளே விடும்.

அறை போடும் முன் அந்த மூலையில் இருந்து இரண்டு சாமான்களைக் கிளப்ப வேண்டியிருந்தது. ஒன்று ஷ்ரிங்க் டனல். அதன் ஹீட்டர் 6 கிலோவாட், அதாவது 16 ஆட்கள் விடும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு, ஒரே மேஜை மேல். அதை உள்ளே வைத்துக்கொண்டு ஏசி போடுவது அடுப்பை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது மாதிரி. டனலைச் சுவருக்கு வெளியே தள்ளி, கன்வேயர் மட்டும் சுவரில் ஒரு சின்னத் திறப்பு வழியாகப் போகும்படி செய்து, திறப்பில் பிவிசி பட்டைகளைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கச் சுவருக்கு மட்டும் பஃப் வேண்டாம், கல்லை உருக்கி இழையாக்கிய, எரியாத ராக்வூல் பேனல் போடுங்கள் என்று சொன்னேன். ராக்வூல் அதே தடிமனில் கொஞ்சம் அதிகமாக வெப்பத்தை விடும், அதனால் 75 மில்லிமீட்டர்.

இரண்டாவது, ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ் போடும் இடம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு. கொட்டகைக்குள் இருந்தவரை அது கூரை வழியாகக் கலைந்து போனது. மூடிய அறைக்குள் அந்த மூலை சிக்கியிருந்தால் பெரிய ஆபத்து. முதல் வரைபடத்தில் சுவர்க்கோடு சார்ஜரையும் உள்ளே சேர்த்துத்தான் போயிருந்தது. டீசல் அல்லது கேஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் கிடங்கு என்றால் கார்பன் மோனாக்சைடு வேறு, அந்த வண்டியை ஏசி அறைக்குள் விடவே கூடாது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையில் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, அதன் கீழே புதுசாக சீலிங் போட்டால் தண்ணீர் சீலிங்கின் மேல்தான் கொட்டும். அறைக்குள் தனியாக ஸ்பிரிங்க்ளரும் புகை டிடெக்டரும் இறக்கியாக வேண்டும், வெளியேற இரண்டாவது கதவும் வேண்டும். ஏசிக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவர் வேலை இல்லை.

சரி, இப்போது சுமை. ஆட்கள் 3.5, விளக்கும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் 2, சுவரும் சீலிங்கும் 1.6. புதுக்காற்று ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் என்று எடுத்தேன், அதன் சூட்டையும் ஈரத்தையும் எடுக்க 5.4. தள்ளுவண்டி போய்வரும் கதவுக்கு 3.5. மொத்தம் 16 கிலோவாட், 4.5 டன். மெஷினில் எழுதியிருக்கும் டன் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. நமக்கு 40க்கு மேலும் வேலை செய்ய வேண்டும், அப்போது அதன் திறன் குறையும். அதனால் 3 டன் இன்வெர்ட்டர் டக்ட் யூனிட் (குழாய் வழியாகக் காற்றைப் பரப்பும் வகை) இரண்டு, மொத்தம் 6.

"ஒரேயடியா 10 டன் போட்டுடலாமே, பின்னாடி ஆள் கூடினா?" என்று கேட்டார். தேவைக்கு மிஞ்சிய மெஷின் சீக்கிரம் குளிர்ந்து சீக்கிரம் நின்றுவிடும், ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை 24 டிகிரியில் இருக்கும், ஆனாலும் பிசுபிசுக்கும். இந்த அறையின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு ஈரம்தான், ஆட்களின் வியர்வையும் புதுக்காற்றும். ஆள் கூடினால் மூன்றாவது யூனிட்டுக்கு இடமும் கரண்ட் லைனும் மட்டும் இப்போதே விட்டு வைக்கச் சொன்னேன். ஒரு பெரிய மெஷினுக்குப் பதில் இரண்டு சிறியவை இருப்பதில் இன்னொரு லாபம், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது, காலை நேரத்தில் ஒன்றே போதும்.

காற்றை எப்படி விடுவது என்பதில் கொஞ்சம் இழுபறி. சீலிங்கில் பதிக்கும் கேசட் யூனிட் அழகாக இருக்கும்தான், ஆனால் நேர் கீழே இருக்கும் மேஜையில் பில் தாளும் பாலித்தீன் கவரும் பறக்கும். பேக்கிங் செய்பவர் ஒரு கையால் கவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டேப் ஒட்ட வேண்டிவந்தால் அந்த ஏசியை அவரே அணைத்துவிடுவார். அதனால் சீலிங் நீளத்துக்குத் துணி டக்ட். துணி முழுக்கக் கசியும் காற்று மெதுவாக இறங்கும், மேஜை மேல் தாள் அசையாது, தகர டக்ட் மாதிரி வெளிப்புறம் வியர்த்துச் சொட்டவும் சொட்டாது. வருடத்துக்கு ஓரிரு முறை கழற்றித் துவைக்கலாம், இந்தத் தூசியில் அது சின்ன விஷயமில்லை.

அவுட்டோர் யூனிட் விஷயத்தில்தான் சத்தமே போட வேண்டியிருந்தது. பைப் நீளம் மிச்சமாகும் என்று அதைக் கொட்டகைக்குள்ளேயே, புது சீலிங்கின் மேல் வைக்கப் பார்த்தார்கள். அறையில் இருந்து எடுத்த 16 கிலோவாட்டும் கம்பிரசரின் 5 கிலோவாட்டும் அப்படியே ரேக் பகுதியில் கொட்டும். போதாததற்கு, மெஷின் 46 டிகிரிக் காற்றை உறிஞ்சிக்கொண்டு முக்கிக்கொண்டிருக்கும். வெளிச்சுவரில் நிழல் விழும் பக்கமாக, லாரிப் புகையும் தூசியும் எட்டாத இடத்தில் வைத்தார்கள். பைப் கொஞ்சம் நீளம்தான், போகட்டும்.

வடிகாலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஈரம் மிகுந்த நாளில் மணிக்கு 5 முதல் 8 லிட்டர் தண்ணீர் வரும், சரிவு ஒழுங்காக இல்லாவிட்டால் அது அட்டைப்பெட்டி மேல்தான் சொட்டும்.

எத்தனை டிகிரி வைப்பது

26. எல்லோரும் 22 கேட்டார்கள். 26க்குக் கீழே போக வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் கரண்ட் பில் மட்டும் காரணம் இல்லை. வெளியே 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்றில் பனி பிடிக்கும் நிலை சுமார் 26 டிகிரி. 22 டிகிரி அறையில் இருந்த எவர்சில்வர் பாத்திரத்தையோ பாலித்தீன் கவர் போட்ட பெட்டியையோ லாரிப் பக்கம் கொண்டு போனால் மேலே வியர்த்துவிடும், லேபிளின் ஓரம் கிளம்பும், டேப் பிடிக்காது. 26 டிகிரியில் அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. ஆட்களுக்கு 26 போதாது என்றால் சுவர் ஃபேனை மெதுவாக ஓட விடலாம், விநாடிக்கு 0.8 மீட்டர் காற்றோட்டம் உடம்புக்கு 2, 3 டிகிரி குறைந்த மாதிரி இருக்கும்.

புதுக்காற்று ஃபேனைக் கொஞ்சம் தாராளமாக வைத்ததில் அறைக்குள் அழுத்தம் லேசாகக் கூடியிருக்கிறது. கன்வேயர் திறப்பில் பிவிசி பட்டைகள் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவை உள்பக்கம் சாய்ந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே இருப்பவர்கள் இப்போது அதை வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

ரேக் பகுதிக்கு ஏசி இல்லை, ஆனால் அப்படியே விடவும் இல்லை. முதலில் கூரையின் வெளிப்பக்கம் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு, முகட்டில் சூடு வெளியேற வென்டிலேட்டர். அதற்கு அப்புறம்தான் பெரிய ஃபேன், 7 மீட்டர் விட்டமுள்ள மெதுவாகச் சுற்றும் வகை. இந்த வரிசை முக்கியம். கூரையைக் கவனிக்காமல் முதலில் ஃபேனை மாட்டினால் மேலே தங்கியிருக்கும் 46 டிகிரிக் காற்றைக் கலக்கி ஆட்கள் தலையில் இறக்கும். ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, வியர்வையைக் காய வைக்கும், அவ்வளவே. தோலின் சூடே 34, 35 டிகிரிதான், அதைத் தாண்டிய காற்று உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கவும் செய்யும். தீ அலாரம் அடித்தால் ஃபேன் தானாக நிற்கும்படி இணைப்பும் கொடுத்தாக வேண்டும், ஸ்பிரிங்க்ளர் தண்ணீரை அது சிதறடித்துவிடக் கூடாது.

இப்போது வெளியே 37 டிகிரி இருக்கும் மதியத்தில் பேக்கிங் அறை 26க்கும் 27க்கும் நடுவில், ஈரப்பதம் 55 சதவீதம் பக்கம். முதல் சில நாள் மட்டும் 29ஐ விட்டு இறங்கவில்லை. காரணம் மெஷின் இல்லை, தள்ளுவண்டிக்காரர்கள் கதவைத் திறந்து மூட அலுத்துப்போய் ஒரு பேலட்டை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, இரண்டு கையும் வண்டியில் இருக்கும்போது கைப்பிடிக் கதவை எப்படித் திறப்பார்கள்? வண்டி இடித்தால் இரண்டு பக்கமும் திறந்து தானே மூடிக்கொள்ளும் பிவிசி ஸ்விங் கதவை மாட்டியதும் சரியாகிவிட்டது.

தீராதது ஒன்று உண்டு: ரேக்கின் மேல்தட்டில் ஏறிப் பொருள் எடுப்பவர்கள். வெள்ளைப் பூச்சுக்குப் பிறகும் அந்த உயரத்தில் மதியம் 40ஐத் தொடுகிறது. கூரையைக் கழற்றிப் பஃப் பேனல் போட்டால்தான் அது அடங்கும், தகரம் மாற்ற வேண்டிய காலம் வரும்போது செய்யலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை மேல்தட்டு வேலையை முற்பகல் 11 மணிக்குள் முடித்துவிடுகிறார்கள், வேகமாகப் போகும் சரக்கையெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறக்கியாகிவிட்டது.